உப்புத் தொட்டியும் மூளையின் நுண்குழாய்களும்: வட ஜப்பானில் பக்கவாதத்தின் வரலாறு

1951 முதல் 1980 வரை, முப்பது ஆண்டுகள், ஜப்பானியரின் மரணக் காரணங்களில் முதலிடத்தில் இருந்தது பக்கவாதம். அதற்கு முன்பு அந்த இடத்தைக் காசநோய் பிடித்திருந்தது. புதிய மருந்துகளும் தடுப்பூசியும் வந்து காசநோய் பின்வாங்கியபோது, அதன் நிழலில் நெடுங்காலம் மறைந்திருந்த மற்றொரு நோயின் உண்மையான பருமன் வெளியே தெரிந்தது. நாடு முழுவதும் இந்நோய் இருந்தபோதிலும், ஹொன்ஷு தீவின் வடகிழக்கு மூலையான தோஹோகு வட்டாரத்தில், சிறப்பாக அக்கிதா, அவோமோரி மாவட்டங்களில், அது கொண்ட வேகம் வேறு எங்கும் காணாதது. வயல்வேலைக்கு உரிய நடுவயதிலேயே ஆண்கள் சரிந்து விழுவதும், பிழைத்தவர்கள் ஒரு கையும் காலும் விழுந்த நிலையில் ஆண்டுக்கணக்கில் படுக்கையில் கிடப்பதும் அங்குள்ள சிற்றூர்களில் இயல்பான காட்சிகளாகக் கருதப்பட்டன. இந்த நோய்க்கும் அந்த மக்களின் உணவுக்கும் இருந்த உறவு எவ்வாறு கண்டறியப்பட்டது, கண்டறிந்த பின் ஒரு சமூகம் தன் உணவை எவ்வாறு மாற்றிக்கொண்டது என்பது இருபதாம் நூற்றாண்டு மருத்துவ வரலாற்றின் மிகச் செழுமையான அத்தியாயங்களுள் ஒன்று. அதில் ஆய்வாளர்களுக்கு இணையான பங்கு, பெயர் பதிவாகாத கிராமச் செவிலியருக்கும் இல்லத்தரசிகளுக்கும் உண்டு.

பக்கவாதம் என்று பொதுவாக வழங்கப்படுவது, மூளைக்குச் செல்லும் ரத்த ஓட்டம் திடீரெனத் தடைபடுவதால் மூளையின் ஒரு பகுதி செயலிழப்பதாகும். அது இரு வழிகளில் நேர்கிறது. ரத்தக்குழாய் வெடித்து மூளைத்திசுவுக்குள் ரத்தம் கசிவது ஒன்று. குழாய் அடைபட்டு, அதற்கு அப்பாலுள்ள திசு ரத்தமின்றி அழிவது மற்றொன்று. அக்கிதாவின் உழவர்களைப் பெரிதும் கொன்றது முதல் வகை என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. இக்கருத்து பிற்காலத்தில் ஓரளவு திருத்தப்பட்டது எனினும், மூளையின் ஆழத்தில் ஓடும் மயிரிழை போன்ற நுண்தமனிகளே அவர்களுடைய நோயின் களம் என்பதில் ஐயமில்லை.

தோஹோகுவின் உணவைப் புரிந்துகொள்ள அதன் குளிர்காலத்தை முதலில் புரிந்துகொள்ள வேண்டும். சைபீரியாவிலிருந்து வரும் குளிர்காற்று ஜப்பான் கடலின் ஈரத்தை அள்ளிக்கொண்டு வந்து, தீவின் முதுகெலும்பாக நிற்கும் மலைகளில் மோதிப் பனியாகக் கொட்டுவதால், நவம்பர் முதல் மார்ச் வரை வயலில் எதுவும் விளைவதில்லை. பழைய நாட்களில் ஊர்களுக்கு இடையே போக்குவரத்தும் அடங்கிவிடும். அந்த ஐந்து மாதங்களுக்கான காய்கறியும் மீனும் இலையுதிர்காலத்திலேயே சேமிக்கப்பட வேண்டும். சேமிப்பதற்கு அங்கு இருந்த நம்பகமான வழி உப்பு ஒன்றுதான். ஆகவே ஒவ்வொரு வீட்டின் களஞ்சியத்திலும் மரத்தொட்டிகள் வரிசையாக நின்றன: ஒன்றில் உப்பிட்ட முள்ளங்கி, ஒன்றில் கீரைத்தண்டு, ஒன்றில் மிசோ. மிசோ என்பது வேகவைத்த சோயாவை உப்பும் நொதிக்கச் செய்யும் பூஞ்சையும் சேர்த்து மாதக்கணக்கில் புளிக்க வைத்த விழுது. ஜப்பானியக் குழம்புகளின் அடிப்படை அது. அறுவடைக்குப் பின் வரும் ஈரமான நாட்களில் முள்ளங்கியை வெளியே காயப்போட வெயில் போதாத அக்கிதாவில், அதை அடுப்புக்கு மேலே கட்டித் தொங்கவிட்டுப் புகையில் உலர்த்தி, பிறகு உப்பிலும் தவிட்டிலும் ஊறவைக்கும் வழக்கம் தோன்றியது. குளிர்காலத் தொடக்கத்தில் கரையை ஒட்டி வந்து முட்டையிடும் ஹதஹதா என்ற சிறுமீனைக் கூடைகூடையாக வாங்கி உப்பிட்டு வைத்தனர். அதை உப்பில் அழுகவிடாமல் புளிக்கவைத்து வடித்த மீன்சாறு ஷொத்சுரு எனப்பட்டது.

கடலிலிருந்து தொலைவான உள்நாட்டு மலைப்பகுதிகளில் உப்பின் மதிப்பு இன்னும் பெரிது. ஜப்பான் கடற்கரையின் இதோய்காவாவிலிருந்து மலைகளுக்குள் மத்சுமோதோ வரை சென்ற பழைய பாதை உப்புச்சாலை என்றே அறியப்பட்டது. பதினாறாம் நூற்றாண்டில் எச்சிகோ நாட்டை ஆண்ட உவெசுகி கென்ஷின், உப்பு வரத்து தடுக்கப்பட்ட தன் பகைவர் தகேதா ஷிங்கெனுக்கு உப்பு அனுப்பினார் என்ற மரபுக்கதை இன்றும் ஜப்பானியர் நாவில் இருக்கிறது. அதே கென்ஷின் 1578இல் திடீரென நினைவிழந்து விழுந்து சில நாட்களில் இறந்ததையும், அவர் மதுப்பிரியர் என்ற செய்தியையும் சேர்த்துப் பார்த்து, அவரைக் கொன்றது பக்கவாதம் என்று வரலாற்றாளர்கள் பலர் கருதுகின்றனர். உப்பு அரிதான காலத்தில் அது செல்வமாக இருந்தது. 1905இல் அரசு உப்பு வணிகத்தைத் தன் தனியுரிமையாக்கிய பிறகு, எந்த மலையூருக்கும் உப்பு தடையின்றிச் சென்றது. அந்தத் தனியுரிமை 1997 வரை நீடித்தது.

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அக்கிதாவின் ஓர் உழவர் வீட்டு உணவு எவ்வாறு இருந்தது என்பதை ஆய்வாளர்களின் பதிவுகளிலிருந்து ஓரளவு நெருக்கமாகக் காணலாம். தட்டின் மையம் சோறு. நல்ல நெல் விளையும் மாவட்டமாதலால், பட்டை தீட்டிய வெள்ளரிசிச் சோற்றை வேலைநாட்களில் ஓர் ஆண் ஏராளமாக உண்பார். அத்தனை சோற்றையும் தொண்டையில் இறக்குவதற்குத் துணை, உப்பு மட்டுமே. மூன்று வேளையும் கெட்டியான மிசோக் குழம்பு, வேளைக்கு ஒரு கிண்ணத்தில் நில்லாமல் இரண்டு மூன்று கிண்ணம். தட்டின் ஓரத்தில் ஊறிய முள்ளங்கி. அவ்வப்போது உப்புக் கண்டமான சால்மன் துண்டு ஒன்று, அதுவும் ஒரு சிறு துண்டே ஒரு கிண்ணச் சோற்றை முடிக்கும் அளவுக்கு உப்பேறியது. உழைப்புக்கு இடையில் தேநீர் அருந்தும்போதும் ஊறுகாய். மாலையில் வீட்டில் வடித்த மதுவுடனும் ஊறுகாய். இறைச்சியும் முட்டையும் பாலும் திருநாட்களுக்கும் நோயாளிகளுக்கும் உரியவை. இதை வெறும் சுவைப்பழக்கம் என்று கருதுவது அநீதியாகும்: புரதமும் கொழுப்பும் வாங்க வசதியற்ற வீட்டில் பசியாற்றும் வழி சோறாக இருந்தது, சோற்றை உண்ணவைக்கும் வழி உப்பாக இருந்தது.

1950களில் வட ஜப்பானில் ஒருவர் நாளொன்றுக்கு உண்ட உப்பு சராசரியாக ஏறத்தாழ 27 கிராம் என்று மதிப்பிடப்பட்டது. உலக சுகாதார நிறுவனம் இன்று பரிந்துரைக்கும் மேல்வரம்பு 5 கிராம் என்பதோடு ஒப்பிட்டால் அதன் கனம் விளங்கும். உப்பிலுள்ள சோடியத்தைச் சிறுநீரகங்கள் வெளியேற்ற வேண்டும். வரத்து அவற்றின் திறனை மீறும்போது உடலில் நீரும் சோடியமும் தங்கி, ரத்த அழுத்தம் உயர்கிறது. உயர்ந்த அழுத்தம் ஆண்டுக்கணக்கில் நீடிக்கும்போது, பெரிய தமனியிலிருந்து நேராகக் கிளைத்து மூளையின் ஆழப்பகுதிக்குள் நுழையும் நுண்தமனிகள் மிகுந்த அடிபடுகின்றன. அவற்றின் சுவரிலுள்ள தசைச்செல்கள் மடிந்து, சுவர் நைந்து, ஒரு கட்டத்தில் வெடிக்கிறது அல்லது அடைபடுகிறது. புரதமும் கொழுப்பும் மிகக் குறைந்த உணவில் ரத்தக் கொலஸ்டிரால் மிகத் தாழ்ந்திருப்பதும் அச்சுவர்களை மேலும் நலிவுறச் செய்கிறது என்ற முடிவுக்குப் பிற்காலத்தில் ஜப்பானிய ஆய்வாளர்கள் வந்தனர். கொலஸ்டிரால் என்றாலே மிகுதியின் தீமையை மட்டும் எண்ணிப் பழகிய இன்றைய வாசகருக்கு இது வியப்பாக இருக்கலாம். இதயத் தமனிகளில் அடைப்பை வளர்ப்பது மிகையான கொலஸ்டிரால் என்பது உண்மையே, ஆனால் உயர் ரத்த அழுத்தத்தோடு சேர்ந்த மிகத் தாழ்ந்த கொலஸ்டிரால் மூளை ரத்தக்கசிவுக்கு வழிவிடுகிறது என்பதும் உண்மை.

கிராம மக்கள் இந்நோயை விதி என்றோ, குடும்பத்தில் ஓடும் ரத்தம் என்றோ, குளிரின் அடி என்றோ விளங்கிக்கொண்டிருந்தனர். குளிர் பற்றிய எண்ணத்தில் உண்மை இருந்தது: குளிரில் தோலின் ரத்தக்குழாய்கள் சுருங்கி அழுத்தம் ஏறுகிறது, அடுப்பருகே மட்டும் வெப்பமான வீடுகளில் இரவில் எழுந்து வெளியிலுள்ள கழிப்பறைக்குச் செல்வதே பலருக்கு இறுதிப் பயணமாக முடிந்தது. எனினும், குளிர் ஒன்றே காரணமென்றால் அதைவிடக் குளிரான ஹொக்கைதோவில் இந்நோய் இன்னும் மிகுந்திருக்க வேண்டும், அவ்வாறு இல்லை. உணவை நோக்கி முதலில் நடந்தவர், சொல்லின் நேர்ப்பொருளிலேயே நடந்தவர், தோஹோகு பல்கலைக்கழகத்தின் சுகாதாரவியல் பேராசிரியர் கொந்தோ ஷோஜி. 1935 முதல் 36 ஆண்டுகளில் நாடெங்கும் 990 ஊர்களுக்கு முதுகுப்பை சுமந்து சென்று, முதியோர் மிகுந்த ஊர் எது, குறைந்த ஊர் எது, அங்கு எதை உண்கின்றனர் என்று கேட்டுக் குறித்தார். வெள்ளரிசிச் சோற்றை மட்டுமீறி உண்ணும் ஊர்களில் மக்கள் விரைவில் முதுமையடைந்து பக்கவாதத்தில் மடிவதையும், சோயா, சிறுமீன், காய்கறி, கடற்பாசி ஆகியவற்றை நாள்தோறும் உண்ணும் ஊர்களில் நீண்டநாள் வாழ்வதையும் அவர் கண்டார். அவருடைய முறை இன்றைய புள்ளியியல் தரத்துக்கு எட்டாதது. இருந்தும், அடுத்தடுத்த இரு ஊர்கள் ஒரே வானத்தின்கீழ் வெவ்வேறு ஆயுளுடன் வாழ முடியும் என்பதை அவருடைய குறிப்புகள் நிலைநாட்டின. விதி என்ற விளக்கம் அங்கே முதல் விரிசல் கண்டது.

அடுத்த அடி அவோமோரியின் ஹிரோசாகி பல்கலைக்கழகத்தில் எடுத்துவைக்கப்பட்டது. அங்கு சுகாதாரவியல் கற்பித்த சசாகி நாவோசுகே 1950களில் கிராமம் கிராமமாக ரத்த அழுத்தமானியைத் தூக்கிச் சென்றார். அக்காலத்தில் ரத்த அழுத்தம் மருத்துவமனையில் நோயாளிக்கு அளக்கப்படும் ஒன்று. நோயில்லாத ஓர் ஊரையே வரிசையில் நிறுத்தி அளப்பது புதுமையான செயல். அதன் விளைவாக, பக்கவாதம் மிகுந்த ஊர்களில் சிறுவயதிலிருந்தே மக்களின் அழுத்தம் பிற ஊர்களைவிட மேலே நிற்பது தெரியவந்தது. தகஹாஷி எய்ஜி முதலியோருடன் அவர் சேர்ந்து 1957இல் வெளியிட்ட கட்டுரை, ஜப்பானில் மூளை ரத்தக்கசிவின் புவியியல் பரவலை வெளியுலகுக்கு முதலில் விரிவாகக் காட்டியது. ஆனால் சசாகியின் கண்ணில் பட்ட மிக நுண்ணிய செய்தி வேறொன்று. அவோமோரியும் அக்கிதாவும் ஏறத்தாழ ஒரே பனியையும் ஒரே உப்பையும் பகிர்ந்தவை. இருந்தும் அவோமோரியின் ஆப்பிள் பயிரிடும் ஊர்களில் அழுத்தமும் பக்கவாத மரணமும் சற்றுத் தாழ்ந்திருந்தன. 1870களில் மெய்ஜி அரசு பகிர்ந்தளித்த நாற்றுகளிலிருந்து தொடங்கிய தோட்டங்கள் அவை. விலைபோகாத பழங்கள் உழவர் வீட்டிலேயே குளிர்காலம் முழுவதும் உண்ணப்பட்டன. நாளொன்றுக்கு உண்ணும் பழங்களின் எண்ணிக்கை கூடக்கூடச் சராசரி அழுத்தம் இறங்குவதைக் கணக்கிட்ட அவர், ஆப்பிள் உண்ணும் வழக்கமில்லாதவர்களுக்கு அதைக் கொடுத்தும் அளந்து பார்த்தார். பழத்திலுள்ள பொட்டாசியம், சிறுநீரகம் சோடியத்தை வெளியேற்றத் துணைசெய்கிறது என்பது அவருடைய விளக்கம். காய்கறியும் பழமும் மிகுந்த உணவை ரத்த அழுத்தத்துக்கு மருந்தாகப் பரிந்துரைக்கும் வழக்கம் உலகில் வேரூன்றுவதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்பே, வட ஜப்பானின் ஒரு பழத்தோட்டத்தில் அதன் சாரம் எழுதப்பட்டுவிட்டது. இதற்குரிய பெருமை சசாகிக்குப் போதிய அளவில் கிட்டவில்லை.

அக்கிதாவின் உப்பை உலகறியச் செய்தது ஓர் அமெரிக்கரின் வரைபடம். நியூயார்க்கை அடுத்த புரூக்ஹேவன் ஆய்வகத்தில் பணிபுரிந்த லூயிஸ் டால், 1960இல் ஐந்து மக்கள்தொகைகளை ஒரே தாளில் வைத்தார். நாளொன்றுக்கு 4 கிராம் உப்பு உண்ட அலாஸ்கா எஸ்கிமோக்களிடம் உயர் ரத்த அழுத்தம் காணப்படவில்லை. மார்ஷல் தீவினர், வட அமெரிக்கர், தென் ஜப்பானியர் என்று உப்பு ஏற ஏற அதுவும் ஏறி, 27 கிராமளவில் வட ஜப்பானில் ஏறத்தாழ 40 விழுக்காட்டைத் தொட்டது. ஐந்து புள்ளிகளும் நேர்கோட்டில் அமைந்த அந்தப் படம் பாடநூல்களில் நிலைபெற்றது. ஐந்து புள்ளிகளைக் கொண்டு காரணத்தை நிறுவ முடியாது, வயதும் உழைப்பும் உடல் எடையும் கணக்கில் வரவில்லை என்ற குறைகூறல்களும் உடன் எழுந்தன, அவை நியாயமானவை. டாலும் அதை உணர்ந்தே எலிகளிடம் திரும்பினார்: உப்புக்கு அழுத்தம் ஏறும் எலிக்குடியையும் ஏறாத எலிக்குடியையும் தனித்தனியே வளர்த்தெடுத்து, உப்பின் தீங்கு எல்லா உடலிலும் ஒரே அளவில் இல்லை, பரம்பரை அதை வழிநடத்துகிறது என்று காட்டினார். கியோதோ பல்கலைக்கழகத்தில் ஒகமோதோ கோசோவும் அவோகி கியூசோவும் 1963இல் தாமாகவே ரத்த அழுத்தம் ஏறும் எலிகளை உருவாக்கினர். அவற்றிலிருந்து 1974இல் ஒகமோதோவும் யமோரி யுகியோவும் பக்கவாதத்துக்கே ஆளாகும் ஓர் எலிக்குடியைப் பிரித்தெடுத்தனர். அந்த எலிகளுக்கு உப்பைக் கூட்டினால் பக்கவாதம் முந்தியது. உப்போடு மீன் அல்லது சோயாப் புரதத்தைக் கூட்டினால் அது பிந்தியது. பிறப்பிலேயே நோயை ஏந்தி வந்த உயிருக்கும் உணவு நாட்களைக் கூட்டித்தர முடிகிறது என்ற இந்த முடிவு, விதிவாதத்துக்கு விழுந்த இரண்டாம் அடி.

இதற்கிடையே ஜப்பானின் புள்ளிவிவரங்களே ஐயத்துக்கு உள்ளாயின. 1950களின் மரணச் சான்றிதழ்களின்படி, மூளை ரத்தக்கசிவால் இறந்தவர்கள் மூளை ரத்தக்குழாய் அடைப்பால் இறந்தவர்களைவிடப் பன்னிரண்டு மடங்குக்கு மேல். மேற்கு நாடுகளில் எங்கும் இல்லாத இந்த விகிதத்தைக் கண்ட வெளிநாட்டு அறிஞர்கள், ஜப்பானிய மருத்துவர்கள் நோயைத் தவறாக எழுதுகிறார்கள் என்று கருதினர். இதைத் தீர்க்கும் நோக்கத்துடன் கியூஷு பல்கலைக்கழகப் பேராசிரியர் கத்சுகி ஷிபானோசுகே 1961இல் ஃபுகுவோகாவை அடுத்த ஹிசாயாமா என்ற சிற்றூரைத் தேர்ந்தார். வயதிலும் தொழிலிலும் நாட்டின் சராசரியை ஒத்த மக்கள் அங்கு இருந்தனர். நாற்பது வயதைக் கடந்தவர்களை இடைவிடாது தொடர்ந்து, இறந்தவர்களின் உடலைக் குடும்பத்தின் ஒப்புதலுடன் பிணக்கூறாய்வு செய்து, மூளையையே பார்த்து மரணக் காரணத்தை எழுதுவது அவருடைய குழுவின் முறை. உடலை அறுப்பதை விரும்பாத ஒரு பண்பாட்டில், இறந்தவர்களில் ஐந்தில் நான்கு பேரளவுக்கு அந்த ஒப்புதல் கிடைத்தது என்பது உலகில் வேறெங்கும் எளிதில் காண முடியாதது. மருத்துவர்கள் துக்க வீடுகளுக்குச் சென்று தலைவணங்கி அமர்ந்து கேட்டுப் பெற்ற நம்பிக்கை அது. ஆய்வின் விடை இருதரப்புக்கும் பாடமாயிற்று. கசிவும் அடைப்பும் ஏறத்தாழச் சம அளவில் இருந்தன. சான்றிதழ்கள் கசிவை மிகைப்படுத்தியிருந்தன, எனினும் கசிவின் உண்மையான அளவும் மேற்கைவிட மிகுந்தே இருந்தது. இரண்டுக்கும் பின்னால் நின்ற பெருங்காரணம் கவனிக்கப்படாத உயர் ரத்த அழுத்தம்.

ஜப்பானியரின் இயல்பே இதற்குக் காரணமாக இருக்கக்கூடுமோ என்ற கேள்விக்கு விடை கடலுக்கு அப்பாலிருந்து வந்தது. 1960களின் நடுவில் தொடங்கிய ஓர் ஆய்வு, ஹிரோஷிமா, நாகசாகி நகரங்களில் வாழ்ந்த ஆண்களையும், ஹவாயின் ஹொனலூலுவிலும் கலிஃபோர்னியாவின் சான் ஃபிரான்சிஸ்கோ வட்டாரத்திலும் குடியேறிய ஜப்பானிய வம்சாவளி ஆண்களையும் ஒரே அளவுகோலால் ஒப்பிட்டது. மேற்கே உள்ளவர்களிடம் பக்கவாதம் மிகுந்தும், கிழக்கே செல்லச்செல்ல அது குறைந்து இதய நோய் மிகுந்தும் காணப்பட்டது. ஒரே மரபினரின் உணவு மாறியதும் அவர்களின் நோயும் மாறியது. இறைச்சியும் பாலும் கூடி உப்பும் சோறும் குறைந்த தட்டு மூளையைக் காத்தது, ஆனால் இதயத்துக்கு வேறு கடனை ஏற்றியது.

அக்கிதாவில் இந்த அறிவு செயலாக மாறிய ஊர் இகாவா. அப்போது கிராமமாக இருந்த இகாவாவில், ஒசாகாவின் வயதுவந்தோர் நோய் மையத்தைச் சேர்ந்த கோமாச்சி யோஷியோவின் குழுவினர் மாவட்ட நிர்வாகத்துடன் சேர்ந்து 1963இல் தடுப்புத் திட்டத்தைத் தொடங்கினர். ஆண்டுதோறும் ஊரார் அனைவரையும் அழைத்து அழுத்தம் அளத்தல், கண்ணின் பின்திரையிலுள்ள நுண்குழாய்களைப் பார்த்தல், சிறுநீரையும் ரத்தத்தையும் சோதித்தல், உயர்ந்த அழுத்தம் உள்ளவரை மருத்துவரிடம் அனுப்புதல், அனுப்பியவர் சென்றாரா என்று செவிலியர் வீடு தேடிச் சென்று பார்த்தல் என்று அது விரிந்தது. அன்று கையிலிருந்த மருந்துகள் சில. சிறுநீரைப் பெருக்கும் தையசைடு வகை ஒன்று, இந்தியச் செடியான சர்ப்பகந்தாவிலிருந்து பிரிக்கப்பட்ட ரெசர்பின் மற்றொன்று. பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல் 1949இல் பிரிட்டிஷ் இதழொன்றில் எழுதியபின் உலகின் கண்ணில் பட்ட மூலிகை அது. 1961இல் அனைவருக்குமான மருத்துவக் காப்பீடு நாடெங்கும் நிறைவுபெற்றிருந்ததால், ஏழை உழவரும் மருந்தைத் தொடர்ந்து வாங்க முடிந்தது. இந்த ஓர் ஏற்பாடு இல்லாமல் எந்த அறிவுரையும் நிலைத்திருக்காது.

திட்டத்தை முழுமையாக நடத்திய ஊரையும், குறைந்த அளவில் மட்டும் நடத்திய மற்றோர் ஊரையும் ஒப்பிட்டு 1998இல் வெளியான ஆய்வறிக்கை, 1960களின் பிற்பகுதியோடு ஒப்பிடும்போது 1982 முதல் 1987 வரையிலான காலத்தில் முதல் ஊர் ஆண்களிடம் புதிய பக்கவாதம் 75 விழுக்காடும், இரண்டாம் ஊர் ஆண்களிடம் 29 விழுக்காடும் குறைந்ததாகக் காட்டியது. பெண்களிடம் இரு ஊர்களுக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஆண்களின் வேறுபாடு தற்செயலாக நேரக்கூடியதன்று. ஊர் முழுவதையும் விடாது அழைத்து அளந்ததன் பலன் அதில் தெளிவாக நிற்கிறது.

நகானோ மாவட்டத்தின் கதை இன்னும் நெருக்கமானது, ஏனெனில் அங்கு மாற்றம் சமையலறைக்கு உள்ளேயே நடந்தது. கடலற்ற, மலைசூழ்ந்த நகானோவில், நொசவானா என்ற கீரையின் ஊறுகாயைத் தேநீருடன் தட்டு நிறைய வைப்பதே விருந்தோம்பல். 1945இல் சாக்கு மருத்துவமனைக்கு வந்த அறுவை மருத்துவர் வகாத்சுகி தோஷிகாசு, மருத்துவமனையில் காத்திருந்தால் நோயாளிகள் காலம் கடந்த பின்னரே வருகிறார்கள் என்று கண்டு, சக ஊழியர்களுடன் ஊர்ஊராகச் சென்று நாடகம் போட்டு நோயைப் பற்றிப் பேசினார். 1959இல் யாச்சிஹோ கிராமத்தார் அனைவருக்கும் ஆண்டுதோறும் உடற்பரிசோதனை தொடங்கினார். அவருக்கு 1976இல் ரமோன் மகசேசே விருது கிடைத்தது. அதே வட்டாரத்தின் அசாமா மருத்துவமனைத் தலைவர் யோஷிசாவா குனியோ, உப்பைக் குறைப்பதோடு, வீட்டில் ஓர் அறையையாவது குளிர்காலம் முழுவதும் வெப்பமாக வைத்திருக்க வேண்டும் என்ற இயக்கத்தையும் நடத்தினார்.

இவர்களின் சொல்லை வீடுகளுக்குக் கொண்டுசென்றவர்கள் சுகாதாரத் துணைப் பெண்கள். போர்க்கால இறுதியில் தகாஹோ கிராமத்தில் தனியாக அலைந்த பொதுச் சுகாதாரச் செவிலியருக்கு உதவ முன்வந்த ஊர்ப்பெண்களிடமிருந்து தோன்றிய அமைப்பு, மாவட்டம் முழுவதும் பரவி, ஒவ்வொரு தெருவிலும் ஒரு வீட்டுப்பெண் சில ஆண்டுகள் அப்பொறுப்பை ஏற்று, பிறகு அடுத்தவரிடம் ஒப்படைக்கும் முறையாக நிலைபெற்றது. உப்பளவு காட்டும் சிறு கருவியுடன் அவர்கள் அண்டைவீட்டு மிசோக் குழம்பை அளந்தனர். குழம்பில் உப்பு கூடுதல் என்று ஒரு பெண்ணிடம், அதுவும் மாமியாரின் கைப்பக்குவத்தைக் காத்துவரும் மருமகளிடம் சொல்வது எளிய செயலன்று. ஆகவே அவர்கள் மிசோவைக் குறைக்கச் சொல்வதற்கு முன்னால் காய்கறியைக் கூட்டச் சொன்னார்கள். காய் நிறைந்தால் கிண்ணத்தில் நீர் குறையும், நீர் குறைந்தால் உப்பும் குறையும். உலர்மீனும் கடற்பாசியும் சேர்த்துக் காய்ச்சிய சாறு அடர்த்தியாக இருந்தால் உப்புக் குறைவை நாக்கு பொறுத்துக்கொள்ளும். சோயாச்சாற்றை உணவின் மேல் ஊற்றாமல் சிறு தட்டில் வைத்துத் தொட்டுக்கொள்ள வேண்டும்; நூடுல்ஸ் உண்டபின் எஞ்சிய சாற்றைக் குடிக்காமல் விட வேண்டும். மருத்துவ நூல்களில் ஒரு வரிக்கு மேல் இடம்பெறாத இந்தச் சிறு உத்திகளே நாக்கின் பழக்கத்தைத் தலைமுறைக்குள் மாற்றின. 1990இல் ஆண்களின் ஆயுட்காலத்தில் ஜப்பானின் முதல் மாவட்டமாக நகானோ அறிவிக்கப்பட்டபோது, அதன் பின்னால் இந்தப் பெண்களின் நாற்பதாண்டு உழைப்பு இருந்தது.

இந்த வெற்றியில் எதற்கு எவ்வளவு பங்கு என்று பிரிப்பது கடினம். 1970களின் தொடக்கத்தில் பத்தில் ஒன்பது வீடுகளுக்குக் குளிர்பதனப் பெட்டி வந்துவிட்டதால், உப்புத் தொட்டியின் தேவையே சுருங்கியது, வேளாண் வருமானமும் கூலி வருமானமும் கூடியதால் முட்டையும் மீனும் பாலும் அன்றாட உணவாயின, 1962இல் ஆளொன்றுக்கு ஆண்டுக்கு 118 கிலோவாக இருந்த அரிசி நுகர்வு பிறகு பாதிக்கும் கீழாக இறங்கியது, வீடுகள் வெப்பமாயின, மருந்துகள் மேம்பட்டன. 1965க்கும் 1990க்கும் இடையே, வயதுக்கேற்பச் சரிசெய்த பக்கவாத மரண விகிதம் ஜப்பானில் நான்கில் மூன்று பங்களவுக்குக் குறைந்தது. இத்தனை குறுகிய காலத்தில் இத்தகைய சரிவு மருத்துவ வரலாற்றில் அரிது. செல்வம் வந்ததால் நோய் தானே போயிற்று என்று எளிதாகச் சொல்வோர் உண்டு. இகாவாவுக்கும் அதனுடன் ஒப்பிடப்பட்ட ஊருக்கும் ஒரே செல்வமும் ஒரே குளிர்பதனப் பெட்டியும் வந்தன என்பதையும், ஆண்களின் நோய் இரு ஊர்களிலும் ஒரே அளவில் குறையவில்லை என்பதையும் அவர்கள் எண்ணிப்பார்க்க வேண்டும்.

வெற்றி முழுமையடையவில்லை. ஹிசாயாமாவில் 1961 முதல் ஏறத்தாழப் பத்தாண்டு இடைவெளியில் புதிது புதிதாகத் தொடரப்பட்ட குழுக்களை ஒப்பிட்டபோது, 1960களுக்கும் 1970களுக்கும் இடையே வேகமாகச் சரிந்த பக்கவாத நிகழ்வு, அதன்பின் மந்தமடைந்தது தெரிந்தது. ரத்த அழுத்தம் மருந்தால் அடங்கிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில் வளர்சிதைமாற்றக் கோளாறுகள் ஏறிக்கொண்டிருந்தன. வளர்சிதைமாற்றம் என்பது உண்ட உணவை உடல் எரித்தும் சேர்த்தும் மாற்றியும் பயன்படுத்தும் வேதிச்செயல்களின் தொகுதி. அதில் கோளாறு என்பது வயிற்றுக்குள் கொழுப்பு திரள்வதும், இன்சுலினுக்கு உடல் செவிசாய்க்காமல் ரத்தச் சர்க்கரை ஏறுவதும், ரத்தக் கொழுப்புகளின் சமநிலை குலைவதும் சேர்ந்த நிலை. 1988இல் அங்கு நாற்பது வயதைக் கடந்தவர்களுக்கு 75 கிராம் குளுக்கோஸைக் குடிக்கக் கொடுத்து நடத்திய சோதனையில் ஆண்களில் ஏறத்தாழ 15 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. 2002இல் அது ஏறத்தாழ 24 விழுக்காடாயிற்று. பழைய உப்புணவு நுண்தமனிகளை வெடிக்கச் செய்தது. புதிய மிகையுணவு சற்றுப் பெரிய தமனிகளைக் கொழுப்புப் படிவால் அடைத்தது. பக்கவாதம் குறைந்ததோடு தன் வடிவத்தையும் மாற்றிக்கொண்டது.

இதற்கு அரசு தந்த விடை 2008 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த சிறப்பு உடற்பரிசோதனை. 40 முதல் 74 வயது வரையுள்ள காப்பீட்டுதாரர் அனைவரின் இடுப்புச் சுற்றளவும் அளக்கப்பட வேண்டும். ஆண்களுக்கு 85, பெண்களுக்கு 90 சென்டிமீட்டரைத் தாண்டி, உடன் சர்க்கரையோ கொழுப்போ அழுத்தமோ மிகுந்திருந்தால், உணவும் நடையும் பற்றிய ஆலோசனை வழங்கப்பட வேண்டும். வெளிநாட்டு இதழ்கள் சில இதைப் பருமனுக்குத் தண்டனை என்று எழுதியது தவறு. தனிமனிதருக்கு எந்தத் தண்டமும் இல்லை, இலக்கை எட்டாத காப்பீட்டு அமைப்புகளுக்கே நிதிச்சுமை. எனினும் பெண்களுக்கான வரம்பு ஆண்களுடையதைவிட மேலாக இருப்பது ஏன் என்ற அறிவியல் சர்ச்சை தொடக்கம் முதலே உண்டு. ஒல்லியான உடலிலும் உயர் ரத்த அழுத்தத்தைச் சுமக்கும் வடபுலத்து முதியவரை இடுப்பு நாடா தவறவிட்டுவிடும் என்ற கவலை அதைவிட அழுத்தமானது. அக்கிதாவின் பழைய நோயாளிகளில் பருமனானவர்கள் மிகச் சிலரே.

உப்பின் கணக்கும் முடிந்துவிடவில்லை. ஜப்பானியர் இன்றும் நாளொன்றுக்குச் சராசரியாக 10 கிராமளவு உப்பு உண்கின்றனர்; நாட்டின் ஊட்டச்சத்து நெறிமுறை 2020இல் ஆண்களுக்கு 7.5 கிராமையும் பெண்களுக்கு 6.5 கிராமையும் இலக்காக வைத்தது. தொட்டியில் ஊறிய உப்பை வீட்டுப்பெண்ணின் கை அறிந்திருந்தது. இன்றைய உப்பில் பெரும்பகுதி உடனடி நூடுல்ஸிலும் ஆயத்தச் சாறுகளிலும் தொழிற்சாலையிலேயே கலந்து வருகிறது. மூளை ரத்தநாள நோய் இப்போது ஜப்பானில் மரணக் காரணங்களில் நான்காம் இடத்தில் இருக்கிறது. மாவட்டவாரியான ஆயுட்காலப் பட்டியலில் நகானோ தொடர்ந்து முன்வரிசையில் நிற்க, அதே பனியும் அதே ஊறுகாயும் கொண்டிருந்த அவோமோரி 2020இலும் ஆண், பெண் இருபாலிலும் கடைசி இடத்தில் இருந்தது. சசாகி ரத்த அழுத்தமானியுடன் நடந்த ஊர்கள் அம்மாவட்டத்தினவே. அங்கு இப்போது பள்ளிப் பிள்ளைகளுக்கு, உப்புக்கு மாற்றாக உலர்மீன் சாற்றின் சுவையைப் பழக்கும் வேலை நடந்துவருகிறது.